பத்திரத்தில் ஒரு வரி

பழைய வீட்டை ஒழித்துவிட்டு, அப்பா அம்மாவை முதியோர் குடியிருப்பில் சேர்க்கப் போகிறீர்களா? பரணில் இருக்கும் பித்தளை அண்டாவை எடைக்குப் போடுமுன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று அவரே சொல்லட்டும்.

சரி, அண்டா போனால் போகட்டும். வீடு?

பெரியவர்களே, பிள்ளைக்கு வீட்டை எழுதிக் கொடுக்கிறீர்களா? ‘கடைசிவரை என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். வாய்வார்த்தை போதாது. எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 23-ஆம் பிரிவு, இதற்குத்தான் இருக்கிறது. பிள்ளை கைவிட்டால், கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து, எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யக் கேட்கலாம்.

சந்தேகம் இருந்தால் முதியோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். 14567. கட்டணம் கிடையாது.