வறட்சி நிவாரணமும் பட்டாவும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

 

விருதுநகர் ஜில்லாவின் பூமி பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. பருத்தியும், மக்காச்சோளமும், உளுந்தும், மல்லியும் ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியே கரிசலில் விதைக்கப்படுகின்றன. மழை பொய்த்தால் விதையும், உரமும், உழவு கூலியும் மண்ணோடு போம். 1923-ம் வருஷத்தில் சிவகாசியினின்று கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் இவ்வறண்ட பூமிக்கு வேறொரு ஜீவனோபாயம் காட்டினர். எனினும், பட்டாசு ஆலைக்குச் செல்லும் குடும்பங்களிற் பல இன்றும் தமது இரண்டு மூன்று ஏக்கர் புஞ்சையைக் கைவிட்டாரில்லை.

தாது வருஷப் பஞ்சத்தின் பின்னர், 1884-ம் வருஷத்து விவசாயிகள் கடன் சட்டப்படி சர்க்கார் அளித்து வந்தது தக்காவிக் கடன். வட்டியுடன் திருப்பிச் செலுத்த வேண்டுவது. இக்காலத்து இடுபொருள் மானியமோ திருப்பித் தர வேண்டாதது. 2016-ம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை பொய்த்தமையால், 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களும் வறட்சிக்குள்ளானவை என்று அறிவிக்கப்பட்டன. 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமுற்ற பயிருக்கு, இறைவையாயின் ஏக்கருக்கு 5,465 ரூபாயும், மானாவாரியாயின் 3,000 ரூபாயும் அளிக்க உத்தரவாயிற்று. 2023 டிசம்பரில் மானாவாரித் தொகை ஹெக்டேருக்கு 7,410 ரூபாயிலிருந்து 8,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இத்தொகை உழவுச் செலவுக்கே போதாதென்பது மெய். ஆயினும் அச்சிறு தொகையும் உரியவரைச் சேர்கிறதா என்பதே யான் இன்று கேட்க வந்த கேள்வி. பணம் ஏர் பிடித்த கையைத் தேடி வருவதில்லை. பட்டாவிலுள்ள பெயரைத் தேடியே வருகிறது.

எனது சிற்றன்னையார் ஒருவர் விதவை. மூன்று ஏக்கர் புஞ்சையைத் தாமே பயிரிட்டு வந்தார். பட்டா, காலஞ்சென்று இருபது வருஷமான அவருடைய மாமனார் பெயரிலேயே இருந்தது. 2017-ல் கணக்கெடுப்பு வந்தபோது பயிர் கருகியதை எல்லாரும் கண்டனர். பணம் பெறத்தக்க பெயர் மாத்திரம் இல்லை. ஒன்பதினாயிரம் ரூபாய் போயிற்று. எந்த உத்தியோகஸ்தரையும் யான் குறை கூறேன். எழுதப் படிக்கத் தெரிந்தவனாய் அடுத்த தெருவிலிருந்தும், வாரிசுச் சான்று பெற்றுப் பட்டாவை மாற்றித் தராத குற்றம் என்னுடையதே.

குத்தகைக்கு உழுவோர் நிலை இன்னும் பரிதாபம். அவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1969-ம் வருஷத்துச் சட்டம் உண்டு. நிலமுடையவர் மனம் கோணுமென்றஞ்சிப் பலர் பதிவு செய்துகொள்வதில்லை. நம்மில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்போர் அவ்வச்சத்தை நீக்குதல் தருமம்.

2016 முதல் நடைபெறும் பயிர் இன்ஷூரன்ஸிலும் இதே கதைதான். கெடு முடியுமுன் அடங்கல், வங்கிப் புத்தகம் முதலியவற்றுடன் பிரீமியம் கட்டியவருக்கே பாத்தியதை உண்டு.

நம் முன்னோர் மகமை வசூலித்துப் பள்ளிக்கூடங்கள் கண்டனர். இப்பணிக்குக் காசும் வேண்டுவதில்லை. ஊருக்கு இரண்டு வாலிபர் முன்வந்து, ஆடி மாதத்திலேயே வீடு வீடாகச் சென்று, பட்டா யார் பெயரிலுள்ளது, அடங்கலில் பயிர் ஏறியதுண்டா என்று பார்த்து, விதவைகளுக்கும் முதியோருக்கும் மனு எழுதித் தந்தாற் போதும். ஜாதி பேதமின்றி ஊரார் யாவருக்கும் இதனைச் செய்தல் வேண்டும். மழை பொய்த்தபோது எவர் புஞ்சையும் தப்பவில்லையன்றோ!

எனது சிற்றன்னையாரின் பட்டா இப்பொழுது அவர் பெயரில் இருக்கிறது. தங்கள் வீட்டுப் பட்டாவை இன்றிரவே எடுத்துப் பார்க்கும்படி ஒவ்வொருவரையும் வேண்டி அமர்கிறேன்.