கிழவர்களும் புற்று நோயும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது சந்தோஷமான விஷயமல்ல. வயதானவர்கள் புற்று நோயால் சாவது சென்ற 70, 80 வருஷ காலத்தில் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா, அதற்குக் காரணம் என்ன என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லப்போகிறோம். இதைப் பேசவேண்டிய அவசியம் என்னவென்றால், ஒரு வீட்டில் 60 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகத் தெரிந்ததும், அக்கம்பக்கத்தார் திண்ணையில் வந்து உட்கார்ந்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒன்று, "தலையெழுத்து" என்பது. மற்றொன்று, "அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது? எல்லாம் கலிகாலத்தின் கோலம்" என்பது. முதல் வார்த்தையைக் கேட்ட பிள்ளைகள், கிழவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதை அடுத்த மாதத்திற்குத் தள்ளிவைக்கிறார்கள். இரண்டாவது வார்த்தையைக் கேட்டவர்கள் எல்லோருமே யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

சரி, கலிகாலம்தானா என்று கணக்கைப் பார்ப்போம். யார் எந்த வயதில் எந்த நோயால் செத்தார் என்று நெடுங்காலமாக எழுதிவைத்திருக்கும் தேசங்களில் அமெரிக்கா ஒன்று. ஆகையால் அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்ளுகிறோம். 1970-ல் அங்கே புற்று நோயால் செத்தவர்கள் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் பேர். 2020-ல் சுமார் 6 லட்சம் பேர். "பார்த்தீர்களா! இவ்வளவு படிப்பும், இவ்வளவு யந்திரமும், இவ்வளவு மருந்தும் வந்தும் சாவு இரட்டிப்பாகத்தானே ஆயிற்று?" என்று கேட்கத் தோன்றும். இப்படிக் கேட்பவர்கள் பொய் சொல்லுகிறார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பாதிக் கணக்கைப் பார்த்துவிட்டு எழுந்து போகிறார்கள் என்றுதான் சொல்லுகிறோம்.

இரண்டு கிராமங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 1000 பேர். ஒன்றில் கிழவர்கள் 100 பேர், மற்றொன்றில் 300 பேர். இரண்டு ஊரிலும் வருஷத்திற்கு 100 கிழவர்களில் ஒருவர் இந்நோயால் சாகிறார். முதல் ஊரில் ஒரு பாடை, இரண்டாவது ஊரில் மூன்று பாடை. இரண்டாவது ஊரின் தண்ணீரில் விஷமிருக்கிறது என்று ஒருவன் கிளப்பிவிட்டால் நாம் நம்பலாமா? அந்த ஊரில் ஜனங்கள் அதிக நாள் பிழைத்திருக்கிறார்கள் என்பதுதானே உண்மை? அமெரிக்காவில் 1900-ம் வருஷத்தில் பிறந்த குழந்தைக்குச் சராசரி ஆயுள் 47 வருஷந்தான். நிமோனியாவிலும், காசத்திலும், பேதியிலும் ஜனங்கள் முன்னாலேயே போய்விட்டார்கள். புற்று நோய் வருகிற வயது வரையில் இருந்தவர்களே கொஞ்சம். 1970-ல் அங்கே 65 வயதைத் தாண்டினவர்கள் சுமார் 2 கோடி. 2020-ல் ஐந்தரைக் கோடி. கிழவர்கள் கிட்டத்தட்ட மும்மடங்கு ஆனார்கள். சாவு இரண்டு மடங்குகூட ஆகவில்லை. "அந்தக் காலத்தில் ஏது?" என்பதற்கும் இதுவே பெரும் பகுதி பதில். அந்தக் காலத்தில் கிழவர்களே குறைவு!

ஆகையால் விஷயம் தெரிந்தவர்கள் தலையை மட்டும் எண்ணுவதில்லை. அந்தந்த வயதில் லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்று எண்ணுகிறார்கள். அப்படி எண்ணினால் கதை வேறாகிறது. 65 முதல் 74 வயது வரையுள்ள அமெரிக்கர்களில் புற்று நோயால் செத்தவர்கள், லட்சத்திற்கு 1950-ல் சுமார் 690. 1990-ல் சுமார் 870. 2010-ல் சுமார் 670. அதாவது 40 வருஷம் ஏறினது, அடுத்த 20 வருஷத்தில் ஏறினதெல்லாம் இறங்கி, அதற்குக் கீழேயும் போயிற்று. எல்லா வயதையும் சரிக்கட்டிப் பார்த்தாலும், 1991-ல் லட்சத்திற்கு 215 ஆக இருந்தது 2020-ல் சுமார் 145. தலையெழுத்தாக இருந்தால் அது எப்படி ஏறும், எப்படி இறங்கும்? பிரம்மா 1990-க்குப் பிறகு பேனாவை மாற்றிக்கொண்டாரா என்று கேட்கிறோம்.

காரணம் புகையிலை. வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் பெரிய காரணம் இதுதான். இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்திலேயே சிகரெட்டும் வைத்துக் கொடுத்தார்கள். 20 வயதில் குடித்த புகை அந்த வருஷமே கொல்லுவதில்லை. 30, 40 வருஷம் பொறுத்திருந்து கொல்லுகிறது. 1950-ல் லண்டனில் டால், ஹில் என்ற இருவர், நுரையீரல் புற்று நோயாளிகளையும் மற்ற நோயாளிகளையும் விசாரித்து, சிகரெட்டுக்கும் இந்நோய்க்கும் உள்ள சம்பந்தத்தை வெளியிட்டார்கள். 1964-ல் அமெரிக்க சர்க்காரின் தலைமை வைத்திய அதிகாரி இதையே அறிக்கையாக வெளியிட்டார். 1965-ல் அங்கே வயது வந்தவர்களில் 100-க்கு 42 பேர் சிகரெட் குடித்தார்கள். 2022-ல் 12 பேருக்கும் குறைவு. ஆண்களின் நுரையீரல் புற்று நோய்ச் சாவு 1990-ஐ ஒட்டி உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பித்தது. பெண்கள் பிந்திக் குடிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் சாவும் பிந்தியே இறங்கிற்று.

85 வயதைத் தாண்டினவர்களைப் பாருங்கள். அவர்களுடைய சாவு விகிதம் 1990-ல் லட்சத்திற்குச் சுமார் 1750, 2000-ல் 1820, அதற்குப் பிறகே இறங்கி, 2010-ல் 1730. மற்றவர்களுக்கு இறங்க ஆரம்பித்து 10 வருஷம் வரையிலும் இவர்களுக்கு ஏறிக்கொண்டே இருந்தது ஏன்? சிகரெட் உச்சத்தில் இருந்த காலத்தில் நடு வயதில் இருந்தவர்கள் இவர்கள் என்பது ஒன்று. மற்றொன்று, மாரடைப்புச் சாவு 1960-களின் கடைசியிலிருந்தே அங்கு குறைந்துகொண்டு வந்ததால், இருதய நோயில் போயிருக்க வேண்டியவர்கள் பிழைத்து, புற்று நோய் வயதுக்கு வந்து சேர்ந்தார்கள். இந்த இரண்டாவது சங்கதியைச் சொல்லாமல் வைத்தியத்தின் பெருமையை மாத்திரம் பேசுவது யோக்கியமாகாது.

"எங்கள் தாத்தா 90 வயது வரை சுருட்டுக் குடித்தார்" என்று ஒரு தோழர் சொல்லுவார். எந்தக் கூட்டத்திலும் அந்தத் தாத்தா வந்துவிடுகிறார்! நாம் அவரை மறுக்கவில்லை. ஆனால் 50 வயதில் போன சுருட்டுத் தாத்தாக்களின் பேரன்கள் ஏன் எழுந்து பேசுவதில்லை என்பதைத்தான் யோசிக்கவேண்டும். அதற்காகவே டாலும் ஹில்லும் 1951-ல் பிரிட்டிஷ் டாக்டர்களுக்கு எழுதிக் கேட்டு, சுமார் 40,000 பேரிடமிருந்து பதில் பெற்றார்கள்; அவர்களில் ஆண் டாக்டர்களைப் பற்றிய கணக்கு 50 வருஷம் தொடர்ந்து எடுக்கப்பட்டது. 2004-ல் வந்த முடிவு, சிகரெட்டை விடாதவர்கள் சராசரியில் 10 வருஷ ஆயுளை இழந்தார்கள் என்பது. அதிலேயே கிழவர்களுக்கு வேண்டிய சங்கதியும் இருக்கிறது. 30 வயதில் விட்டவருக்கு அந்த 10 வருஷமும் கிடைத்தது. 50-ல் விட்டவருக்கு 6. அறுபதில் விட்டவருக்குக்கூட 3 வருஷம் கிடைத்தது. "இனி விட்டு என்ன?" என்கிற தாத்தாவுக்கு இந்த மூன்று வருஷத்தைச் சொல்லுங்கள். எந்தப் பரிகாரத்தினாலும் இந்த மூன்று வருஷத்தைக் கணக்குக் காட்டி யாரும் வாங்கித் தந்ததில்லை.

யாரும் பிரசாரம் செய்யாமலே இறங்கின நோயும் உண்டு. 1930-ல் அமெரிக்க ஆண்களைக் கொன்ற புற்று நோய்களில் முதலிடம் வயிற்றுப் புற்று நோய்க்கு. பிறகு அது வருஷா வருஷம் குறைந்தது. குளிர்ச்சிப் பெட்டி வந்து, உப்பிலும் புகையிலும் போட்டுவைத்த உணவு குறைந்தது. வீடும் தண்ணீரும் சுத்தமாகி ஒரு கிருமியும் குறைந்தது. அந்தக் கிருமியை 1982-ல் ஆஸ்திரேலியாவில் மார்ஷல், வாரன் என்ற இருவர் கண்டார்கள். பெரிய டாக்டர்கள் நம்பவில்லை. மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, வயிற்று அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நம் நாட்டு விஷயத்திற்கு வருவோம். இங்கே செத்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவர்களுக்குத்தான் டாக்டர் காரணம் எழுதுகிறார். மற்றவர்கள் "வயதாகிப் போய்விட்டார்" என்ற கணக்கில் போகிறார்கள். எண்ணாத வீட்டில் கூடிற்றா குறைந்ததா என்று எப்படித் தெரியும்? எண்ணின இடத்தில் தெரிகிறது. திண்டுக்கல் ஜில்லாவில் 2000-ம் வருஷம் தொடங்கி, 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களைச் சோதித்தார்கள். பெரிய யந்திரம் ஒன்றுமில்லை. பயிற்சி பெற்ற நர்சுகள் கர்ப்பப்பை வாயில் காடித் திரவத்தைத் தடவிக் கண்ணால் பார்த்தார்கள். வெண்மையாகத் தெரிந்த இடத்திற்கு வைத்தியம் செய்ய ஏற்பாடு செய்தார்கள். 2007-ல் வெளியான முடிவு, சோதனைக்கு ஏற்பாடு செய்த கிராமங்களில் அந்நோயால் வந்த சாவு, ஏற்பாடு செய்யாத கிராமங்களைவிட 100-க்கு 35 பங்கு குறைவு என்பது. அந்தப் பெண்களில் அனேகர் இன்று பாட்டிமார்களாக இருப்பார்கள்.

வீட்டில் கிழவிக்கு மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் போனால், கிழவருக்கு வாயில் மூன்று வாரம் ஆறாத புண் இருந்தால், மலத்தில் ரத்தம் கண்டால், இவற்றைச் சொல்ல அவர்கள் வெட்கப்படுவார்கள். நாம்தான் கேட்கவேண்டும். மந்திரித்துக் கட்டிய கயிறு கையிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். அதை அவிழ்ப்பதற்காகச் சண்டையிட்டு ஒரு மாதத்தை வீணாக்க வேண்டாம். முதலில் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுங்கள்.

பின் வரிசையில் பீடி பற்றவைத்திருக்கும் தோழர்கள் கேள்வி கேட்பதானால் இப்போது எழுதிக் கொடுக்கலாம்.