தண்ணி குடிச்சா எங்க போறது?

(மாத்தளை மாவட்டத் தோட்டங்களின் மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேச மேடையில் மற்றவர்கள் இருக்கிறார்கள். நான் வயிற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம். அங்கத்துவப் படிவம் நிரப்ப லயம் லயமாகப் போனபோது நான் அதிகம் கேட்ட முறைப்பாடு இதுதான்: "சாப்பிட்டதும் வயிறு கல்லு மாதிரி ஊதிக்குது டீச்சர்." சிலர் அதை வாய்வு என்கிறார்கள், சிலர் கேஸ் என்கிறார்கள். ஒரு வீட்டில் சுவாமி படத்துக்குப் பக்கத்திலேயே ஒமப்ரசோல் அட்டை. அது அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை. நெஞ்செரிச்சலுக்கு உதவும், வாய்வை இறக்காது. டாக்டர் சொல்லாமல் மாதக் கணக்கில் விழுங்குகிற சாமானும் இல்லை.

வயிற்றில் காற்று எப்படி வருகிறது? கொஞ்சம் நாம் விழுங்குவது. மற்றது பெருங்குடலில் உண்டாவது. சிறுகுடலில் செரிக்காமல் மிஞ்சியது கீழே இறங்கியதும், அங்கே குடியிருக்கும் கிருமிகள் அதைப் புளிக்க வைக்கின்றன. அரிசிச் சோற்றில் மிஞ்சுவது மிகவும் குறைவு. கோதுமை மாவில் அப்படியில்லை, அதிலுள்ள ஒருவகை மாச்சத்தை மனிதக் குடலால் உடைக்கவே முடியாது. தோசை மாவை இரவெல்லாம் புளிக்க வைக்கிறோம். அந்த வேலையில் ஒரு பங்கு சட்டியிலேயே முடிந்துவிடும். ரொட்டியைப் பிசைந்த கையோடு கல்லில் போடுகிறோம். அதனால் புளிக்கிற வேலை முழுவதும் வயிற்றுக்குள் நடக்கிறது.

ரொட்டியை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. விடிய நாலரைக்கு எழும்பி, பிள்ளைகளை மடுவத்துக்கும் ஸ்கூலுக்கும் அனுப்பிவிட்டு மலைக்கு ஓடுகிறவருக்கு ரொட்டியும் சம்பலும்தான் கைக்கு வரும். இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வந்து, 1980இலிருந்து திருகோணமலை பிரிமா ஆலையில் அரைபட்டு, கடைக்கு வருகிற மாவு அது. லயத்தில் ரொட்டி நிலைத்ததற்குக் காரணம் நேரமும் விலையும், நாக்கு ருசி இல்லை. பகலுக்காவது கொஞ்சம் சோறு கட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். கடலை, பயறு என்றால் இரவே ஊறப் போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு வேறு தண்ணீரில் அவியுங்கள். இஞ்சி நம் மாத்தளை மண்ணில் விளைகிறது, வயிற்றிலிருந்து சாப்பாடு சீக்கிரம் இறங்க உதவும். சாயத் தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். இது வாய்வுக்காக இல்லை, இரத்தத்துக்காக. சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தைத் தேயிலைச் சாயம் பிடித்து வைத்துக்கொள்ளும். கொழுந்து எடுக்கிற நம் பெண்கள் எத்தனை பேருக்கு இரத்தம் குறைவு என்று கிளினிக் அட்டையைப் பார்த்தால் தெரியும்.

இதெல்லாம் வீட்டில் செய்யக்கூடியது. வீட்டில் செய்ய முடியாதது வேறு இருக்கிறது.

பகலில் மலையிலிருந்து இறங்கி, நிறுவைக்கு வரிசையில் நின்று, கொழுந்தைக் கொட்டிவிட்டுப் பார்த்தால் சாப்பிட எவ்வளவு நேரம் மிச்சம்? மெல்லாமல் விழுங்குகிறோம், காற்றும் சேர்ந்து இறங்குகிறது. உடனே இடுப்பில் படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு சரிவில் குனிகிறோம். நிறைந்த வயிற்றைக் கயிற்றால் கட்டினால் புளித்தண்ணி மேலே ஏறாமல் என்ன செய்யும்? கட்டைக் கொஞ்சம் தளர்த்தினாலே சுகம் தெரியும். என் அம்மா இருபது வருசத்துக்கு மேல் அப்படித்தான் கட்டினார்.

அம்மாவுக்கு எந்நேரமும் வயிறு ஊதல். கூடவே மூன்று நாலு நாளைக்கு ஒருமுறைதான் வெளியே போவார். நான் ட்ரெயினிங் முடித்து வந்த புதிது, பெரிய படிப்பாளி போல "தண்ணி நிறையக் குடிங்கம்மா" என்றேன். அம்மா என்னைப் பார்த்து, "தண்ணி குடிச்சா எங்க போறது?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. மலையில் கக்கூஸ் இல்லை. ஆண்கள் பக்கத்திலேயே மருந்தடிக்கிறார்கள், கங்காணி நிற்கிறார், அட்டைக் கடி வேறு. அதனால் காலையிலிருந்து வேலை விடும்வரை தண்ணீரும் குடிப்பதில்லை, வருவதையும் அடக்கிக்கொள்கிறார்கள். அடக்கினால் மலம் குடலிலேயே தங்கி, தண்ணீர் வற்றி இறுகும். தங்குகிற ஒவ்வொரு மணி நேரமும் கிருமிகளுக்கு வேலை, நமக்கு ஊதல். மூத்திரக் கடுப்பும் இதே வழியில் வருவதுதான். பிழை அம்மாவின் சாப்பாட்டில் மட்டும் இருக்கவில்லை.

இது புதுக் கதையும் இல்லை. 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த இடம் நம் மாத்தளைப் பகுதித் தோட்டங்கள். அந்தப் புழு மலம் கலந்த மண்ணிலிருந்து வெறுங்காலில் துளைத்து ஏறி, குடலில் கடித்துக்கொண்டு இரத்தம் குடிக்கும். வயிற்று வலி, பொருமல், சோகை, எல்லாம் அதனால் வரும். மருந்து கொடுத்தார்கள், புழுவும் விழுந்தது. ஆனால் கக்கூஸ் கட்டுகிற செலவுக்குத் தோட்ட முதலாளிமார் பின்வாங்கினார்கள். அதே மண்ணில் அதே வெறுங்கால். புழு திரும்ப ஏறியது. நூறு வருசத்துக்கு மேலாகிவிட்டது. இன்று லயத்தில் கக்கூஸ் வந்திருக்கிறது, பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுக்கிறோம். மலையில் மட்டும் இன்னும் புதர்தான்.

ஒரு விசயத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. எல்லா ஊதலும் வாய்வு இல்லை. எங்கள் லயத்தில் ஒரு பெரியம்மா எட்டு மாதம் ஓமத்தண்ணியே குடித்தார். பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது சூலகத்தில் புற்றுநோய் என்றார்கள், அது பரவியும் இருந்தது. ஐம்பதை நெருங்கிய, தாண்டிய பெண்களுக்குப் புதிதாக ஊதல் தொடங்கி, இரண்டு மூன்று வாரமாகியும் இறங்காமல், நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்தது போலிருந்தால் டிஸ்பென்சரி வெள்ளை மருந்தோடு நிற்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் கேளுங்கள். ஆணோ பெண்ணோ, காரணமில்லாமல் உடம்பு மெலிந்தாலும், மலத்தில் இரத்தம் போனாலும், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலும், விழுங்கக் கஷ்டமானாலும் அப்படித்தான். இரும்புச் சத்து மாத்திரை குடித்தாலும் மலம் கறுக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு நாள் பேர் போய்விடும் என்று தள்ளிப் போட வேண்டாம். கிளினிக்குக்குப் போகிற நாளுக்குத் துணை தேவையென்றால் மாதர் தலைவியிடம் சொல்லுங்கள், யாராவது கூட வருவோம்.

துரையிடம் கொடுக்கப்போகிற கடிதத்தில் மூன்று விசயம் எழுதியிருக்கிறோம். நிறுவையில் நிற்கிற நேரத்தைச் சாப்பாட்டு நேரத்தில் கழிக்கக்கூடாது. கொழுந்து எடுக்கிற ஒவ்வொரு மலைக்கும் குடிதண்ணீர் வர வேண்டும். பெண்களுக்குத் தூக்கி வைக்கக்கூடிய, கதவுள்ள கக்கூஸ் கூடாரம் வேண்டும், மலை மாறும்போது அதுவும் கூடவே மாற வேண்டும். கடிதம் அந்த மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட முடியாதவர்களுக்கு மை வைத்திருக்கிறேன். ஆண் தோழர்களும் போட வேண்டும், பின்வரிசையில் எழும்பிப் போகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.