மூக்கும் வாக்கும்

ரண சிகிச்சையில் டாக்டரின் கை தவறினால் அவர் நஷ்ட ஈடு தரவேண்டும். கை தவறாமல், கொடுத்த வாக்கு மட்டும் தவறினால்? அமெரிக்காவில் மாசசூஸெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றத்தின் முன் 1973-ஆம் ஆண்டில் இந்தக் கேள்வி எழுந்தது.

மேடைக் கலையைத் தொழிலாகக் கொண்ட ஒரு மாது. அவருடைய மூக்கு நேரானதுதான், சற்றே நீண்டிருந்தது. இரண்டே சிகிச்சைகளில் அதை அழகுபடுத்தித் தருவதாக டாக்டர் வாக்களித்தார் என்பது வழக்கு. நடந்தவையோ மூன்று. முடிவில் மூக்கு பாதிவரை குழிந்து, பிறகு உருண்டு திரண்டு, நுனி சமச்சீர் இழந்துவிட்டது. இனிச் சீராக்கவும் வழியில்லை.

டாக்டர் கவனக்குறைவாக நடக்கவில்லை என்றனர் ஜூரர்கள்; ஆயினும் ஒப்பந்தத்தை மீறினார் என்று 13,500 டாலர் விதித்தனர். உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. மூக்கு களிமண் அன்று, மாணவர்களே! எலும்பையும் குருத்தெலும்பையும் செதுக்கியபின் தழும்பு சுருங்கும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபடும். இறுதி வடிவம் தெரியவே பல மாதங்கள் செல்லும். இதை அறிந்தவர் டாக்டர், அறியாதவர் நோயாளி. நோயாளி என்பதும் பொருந்தாது, நோயே இல்லையே!

அப்படியானால், ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று தைரியம் கூறும் டாக்டர்களையெல்லாம் கூண்டில் ஏற்றலாமா? கூடாது. ஆறுதல் மொழியை நோயாளி வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே வாக்குறுதிக்குத் தெளிவான சான்று தேவை என்றனர் நீதிபதிகள். இத்தகைய வழக்குகள் எளிதில் செல்லுமானால் டாக்டர்கள் அஞ்சி அஞ்சியே வைத்தியம் செய்வார்கள். அடியோடு தடுத்தாலோ போலிகளின் ஆசை வார்த்தைக்கு மக்கள் இரையாவார்கள். இவ்விரு அச்சங்களையும் அவர்கள் எடைபோட்டே தீர்ப்பு எழுதினார்கள்.