டப்பாவைத் திருப்பிப் படிங்க அக்கா

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் பத்தாம் வகுப்பு வரை படிச்ச குடும்பத் தலைவிதாங்க. குழுவில் கடன் வாங்கினா பாஸ் புத்தகத்தை ரெண்டு தடவை சரி பார்க்கிறோம். ஆனா முகத்துக்குப் போடுற கிரீம் டப்பாவை ஒரு தடவையாவது திருப்பிப் படிக்கிறோமா? அதைப் பற்றித்தான் இன்னைக்குப் பேச வந்தேன்.

முதலில் வெள்ளையாக்கும் கிரீம். பொண்ணு பார்க்க வர்றாங்கன்னாலே வீட்டில் இந்த டப்பா வந்துடுது. ஏழு நாளில் நிறம் மாறும்னு சொல்றாங்க. சில கிரீமில் அப்படி மாத்துறது பாதரசம். தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனின் உண்டாகாமல் அது தடுக்குது. அதோட நிற்காமல் தோல் வழியா ரத்தத்தில் சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகுது. கேரளாவில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் டாக்டர்கள் 2021 முதல் 2023 வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைப் பரிசோதிச்சாங்க. அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே மாதிரி அடையாளம் தெரிஞ்சுது. அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிரீம் போட்டவங்க. கிரீமை நிறுத்தினதும் பெரும்பாலானவங்களுக்கு நோய் குறைஞ்சது. அந்த வருஷமே கேரள அரசு 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று கடை கடையாச் சோதனை நடத்துச்சு.

கிரீம் போடுறவங்களுக்குக் கால், முகம் வீங்கினாலோ, சிறுநீர் நுரை நுரையாப் போனாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்க. போடுற கிரீமையும் கையோட எடுத்துட்டுப் போங்க. கர்ப்பிணிக்கு வயித்துப் பிள்ளையையும் பாதரசம் பாதிக்கும். தலையணை, துண்டு வழியா வீட்டுக் குழந்தைக்கும் ஒட்டும்.

இரண்டாவது, மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கும் டியூப். அரிப்புக்கு டாக்டர் எழுதுற ஸ்டீராய்டு மருந்தை மங்குக்கும் பருவுக்கும் மாசக்கணக்கில் பூசறாங்க. முதலில் முகம் பளிச்சுன்னு இருக்கும். அப்புறம் தோல் மெலிஞ்சு, வெயில் பட்டாலே எரியும், சிவக்கும், முகத்தில் முடி முளைக்கும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று போட்டிருந்தால் அது ஸ்டீராய்டு. 2018-லேயே இந்த வகை மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதுன்னு மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கு. ரொம்ப நாள் பூசினவங்க தானா நிறுத்தினா முகம் இன்னும் மோசமாகலாம். தோல் டாக்டரைப் பார்த்து அவர் சொல்றபடி நிறுத்துங்க.

மூன்றாவது, பொட்டும் தலைச் சாயமும். ஸ்டிக்கர் பொட்டு வச்ச இடத்தில் வெள்ளைத் திட்டு வர்றதைப் பார்த்திருப்பீங்க. சில பொட்டுப் பசையில் இருக்கிற ரசாயனம் நிறம் தரும் செல்லை அழிக்குது. அரிப்போ திட்டோ தெரிஞ்சா பொட்டை நிறுத்திடுங்க. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த நல்ல குங்குமம் வையுங்க. பளபளன்னு இருக்கும் மலிவுக் குங்குமத்தில் ஈயம் கலந்திருக்கலாம். குழந்தைக் கண்ணுக்குள் மையே வேண்டாம். கருப்புச் சாயத்தில் பிபிடி என்ற பொருள் இருக்கு. உடனே கருப்பாப் பிடிக்கும் மருதாணியிலும் அதுதான். மருதாணி இலை ஒருநாளும் கருப்பாப் பிடிக்காது. சாயம் அடிக்கும் முன்னே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பாருங்க. அரிச்சாலோ வீங்கினாலோ அந்தச் சாயம் உங்களுக்கு ஆகாது.

இயற்கைன்னு போட்டிருந்தால் மட்டும் நம்பிடாதீங்க. எலுமிச்சைச் சாறைத் தடவிக்கிட்டு வெயிலில் போனால் தோல் வெந்துபோகலாம்.

டப்பாவில் பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: செய்தவர் பெயர், முழு முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதி தேதி, என்னென்ன சேர்த்திருக்கு என்ற பட்டியல். வெளிநாட்டுப் பொருளில் இறக்குமதி செய்தவர் முகவரியும் பதிவு எண்ணும் இருக்கணும். பட்டியலில் மெர்குரி, கலோமல் என்று இருந்தால் தொடவே வேண்டாம். பாதரசம் கலந்தவங்க அதை எழுதாமலும் விடுவாங்க. அதனால் லேபிள் இல்லாத டப்பாவும், பில் தராத கடையும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் சொல்லலாம். நுகர்வோர் உதவி எண் 1915.

இப்போ நம்ம விஷயத்துக்கு வர்றேன். நம்ம குழுக்களிலேயே சில பேர் லேபிள் இல்லாத கிரீமைக் கமிஷனுக்கு விற்கிறாங்க. அந்தக் காசில் பிள்ளைக்கு நோட்டு வாங்குறது எனக்கும் தெரியும். ஆனா வாங்குறது யாரு? நம்ம பக்கத்து வீட்டுத் தங்கச்சி. நம்ம முகத்தை நம்பித்தானே வாங்குறா? லைசென்ஸ் உள்ள, பில் உள்ள பொருளை விற்போம். சோப்பு, குளியல் பொடி நாமே செய்து விற்கணும்னா அதுக்கும் லைசென்ஸ் எடுப்போம், கூட்டமைப்பு உதவி செய்யட்டும். லேபிள் இல்லாத கிரீமை எந்தக் குழுவும் விற்கக் கூடாதுன்னு தீர்மான நோட்டில் எழுதணும்னு இந்த மேடையில் கேட்டுக்கறேன்.

வெயிலில் நின்னு வேலை செய்யுற நமக்குக் கருப்பு ஒரு காவல். அதைக் காசு கொடுத்து அழிக்க வேண்டாம். பொண்ணு பார்க்க வர்றவங்க நிறத்தைக் கேட்டால், "எங்க பொண்ணு என்ன படிச்சிருக்கான்னு கேளுங்க"ன்னு சொல்லுவோம்.