இளம் பெண்களும் அவசர விவாகமும்

கோடை விடுமுறை வந்துவிட்டால், மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நாம் மூட்டை முடிச்சுகளுடன் ரயிலேறி ஊருக்குப் புறப்படுகிறோம். குழந்தைகள் பாட்டியைக் காணும் ஆவலில் இருக்கிறார்கள். பெரியவர்கள் மனத்திலோ சில சமயம் வேறோர் எண்ணம் இருக்கிறது. ‘பெண் வளர்ந்துவிட்டாள்; நல்ல இடமாக அமைந்தால் இந்தப் பயணத்திலேயே முடித்துவிடலாம்’ என்பதே அது. பெண்ணுக்கு வயது 16. பள்ளி மீண்டும் திறக்கும்போது வகுப்பில் அவளுடைய இடம் காலியாக இருக்கும்.

இந்த அவசரம் நம் நாட்டுக்குப் புதிதன்று. அஜ்மீரைச் சேர்ந்த ஹர்பிலாஸ் சாரதாவின் முயற்சியால் 1929-இல் சட்டம் ஒன்று நிறைவேறியது. பெண்ணின் விவாக வயது 14-க்குக் குறையலாகாது என்றது அச்சட்டம். 1930 ஏப்ரலில் அது அமலுக்கு வருவதற்குள் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டி வைத்தார்கள்! அந்த வயது 1949-இல் 15 ஆகவும், 1978-இல் 18 ஆகவும் உயர்ந்தது. 2006-இல் இன்னும் கடுமையான சட்டம் பிறந்தது.

பலன் இல்லாமற் போகவில்லை. 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 18-க்கு முன் மணமானவர்கள், 2005–06 தேசியக் குடும்பநலக் கணக்கின்படி நூற்றுக்கு 47 பேர். 2019–21 கணக்கில் 23 பேர். அதே கணக்கில் தமிழ்நாட்டில் 13 பேர். மகாராஷ்டிரத்தில் 22 பேர். மேற்கு வங்கத்திலும் பீகாரிலும் ஏறத்தாழ 41 பேர்.

சட்டம் இருந்தும் இது நிகழ்வானேன்? பெற்றோர் கல்நெஞ்சர் அல்லர். வறுமை ஒரு காரணம். ஊட்டவேண்டிய வாயொன்று குறையும் என்ற கணக்கு. வரதட்சிணை மற்றொன்று, பெண்ணின் வயதும் படிப்பும் ஏற ஏற, கேட்கும் தொகையும் ஏறுகிறது. உயர்நிலைப் பள்ளி தொலைவில் இருந்தால், வழித்துணை இல்லாத பெண் வீட்டோடு நின்றுவிடுகிறாள். நின்றவளை, ‘இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள்?’ என்று நாலுபேர் கேட்கிறார்கள். யாவற்றிலும் வலியது அந்தக் கேள்விதான்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னோர் அச்சமும் உண்டு. தாயும் தந்தையும் வேலைக்குப் போகிறார்கள். அண்டை வீட்டாரின் மொழி வேறு. அத்தையோ சித்தியோ அருகில் இல்லை. பெண் யாருடனாவது பழகிவிடுவாளோ என்ற கவலையில், உறவுக்குள் ஒருவனைப் பார்த்து முடித்துவிடுகிறோம். அது பாதுகாப்பு என்று எண்ணுகிறோம். உண்மையில் அச்சம் நம்முடையது. அதற்கு விலை கொடுப்பவள் அவள். முதிராத உடலில் தாய்மை தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. படிப்பு நின்றபின், கணவன் வீட்டில் துன்பம் நேர்ந்தால் சொந்தக் காலில் நிற்க அவளுக்கு வழியில்லை.

பரிகாரம் என்ன? 2006-இல் பீகார் அரசு, ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கத் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் பெண்கள் பெருகினார்கள். தொலைவு என்னும் தடையை ஒரு சைக்கிள் நீக்கியது. மேற்கு வங்கம் 2013 முதல், 18 வயதுவரை மணமாகாமல் படிக்கும் பெண்களுக்குப் பணம் உதவுகிறது. ஆயினும் அங்கே நூற்றுக்கு 41 என்னும் நிலையை முன்னரே கண்டோம். பணம் கொடுத்தால் மட்டும் போதாது. நாலுபேர் பேச்சும் மாறவேண்டும் என்பதல்லவா இதன் பொருள்?

அந்த நாலுபேரில் நாமும் இருக்கிறோம். தமிழ்ச் சங்கத்திலோ கோயிலிலோ சந்திக்கும்போது, ‘பெண்ணுக்கு வரன் பார்த்தாயிற்றா?’ என்பதற்குப் பதிலாக, ‘பெண் என்ன படிக்கிறாள்?’ என்று கேட்போம். வேலைக்குச் செல்லும் தாயின் பெண்ணை, மாலையில் நம் வீட்டில் வந்து படிக்கச் சொல்வோம். எங்கேனும் சிறுமிக்கு விவாகம் நிச்சயமானால், 1098 என்னும் தொலைபேசி எண்ணுக்குத் தெரிவிப்போம். எந்த மாநிலத்திலும் அந்த எண் ஒன்றே. மணம் நடந்துவிட்டாலும் வழி அடைபடவில்லை. 18 வயது நிரம்பியபின் 2 ஆண்டுகளுக்குள், அந்த விவாகத்தை ரத்துச் செய்யும்படி அவள் நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

அடுத்த கோடையிலும் நாம் ஊருக்குப் போவோம். போகும்போது நம் பெண்ணுக்குத் திரும்பிவரும் டிக்கெட்டையும் மறவாமல் எடுத்துக்கொள்வோம்.