பள்ளி முடிந்த பிறகு வரும் பகல்கள்

பேராசிரியர்கள், சிறப்பாசிரியர்கள், இயன்முறை மருத்துவர்கள், பெற்றோர் சங்கத்தார், எல்லோருக்கும் மேலாக இந்தப் பொருளுக்கு உரியவர்களாகிய மாற்றுத்திறனாளிகள் இங்கே கூடியிருக்கிறீர்கள். வாழ்த்துரைகள் நிறைவாகவே நடந்துவிட்டதால், தலைமையுரையை ஒரே ஒரு வாதத்துக்கு ஒதுக்குகிறேன். வயதுவந்த மாற்றுத்திறனாளிகளுக்கான பகல்நேர மையங்களின் பயனை நாம் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம். எத்தனை பேர் தொழில் கற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று மையத்தின் பதிவேட்டைப் புரட்டுகிறோம். பயனில் பெரும்பங்கு அந்தப் பதிவேட்டில் ஏறுவதே இல்லை. மையத்துக்கு வந்தவர் மாலையில் திரும்பிப் போகிற வீட்டில்தான் அது விளைகிறது. இப்படிச் சொல்வது மையங்களுக்குச் சலுகை காட்டுவதாகச் சிலருக்குத் தோன்றலாம். உண்மையில் இது கடுமையான அளவுகோல். நாளைக்கு மூன்று மணி நேரம் மட்டும் திறந்திருந்து, அழைத்துவர வண்டியும் இல்லாத மையம், எவ்வளவு அழகான மெழுகுவத்தி செய்தாலும் இந்த அளவுகோலில் தேறாது.

முதலில் சட்டம் விட்டுவைத்த இடைவெளியைப் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்ற 7 வகைகளை 21 ஆக விரித்தது. அதன் 31ஆம் பிரிவு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. 34ஆம் பிரிவு அரசுப் பணியில் 4 விழுக்காடு ஒதுக்கி, அதில் ஒரு விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் முதலியவற்றுக்குப் பங்கிட்டது. பள்ளிக்கும் வேலைக்கும் இவ்வாறு வழி சொல்லப்பட்டுவிட்டது. பள்ளி முடிந்து வேலைக்கும் போக இயலாதவருக்கு, திங்கள் முதல் வெள்ளி வரை காலை பத்து மணிக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு அதே தெளிவோடு விடை இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த ‘விகாஸ்’ திட்டம், 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 6 மணி நேரப் பகல்நேரப் பராமரிப்பை எண்ணியது. நல்ல எண்ணம்தான். ஆனால் அது பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் இருக்கும் ஊரில் மட்டுமே உயிர்பெறும். அந்த நிறுவனம் பெரும்பாலும் நகரத்தில்தான் இருக்கும்.

இந்த இடைவெளி ஒரு காலத்தில் பெரிதாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் டவுன் நோய்க்குறி உள்ளவரின் சராசரி ஆயுள் சுமார் 25 ஆண்டுகள்; இன்று சுமார் 60. இதய அறுவை உள்ளிட்ட மருத்துவம் மாற்றிய கணக்கு இது. நம் நாட்டிலும் பலர் இன்று நடுவயதைத் தாண்டுகிறார்கள். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக்காலத்துக்காக நாம் திட்டமிட்டோம். அதற்குப் பின் வரும் நாற்பது ஆண்டுகளுக்குத் திட்டமிடவில்லை. இதற்குள் தாய்க்கு எழுபது வயதாகிவிடுகிறது.

இனி நம் சேலம், நாமக்கல் வட்டாரத்துக்கு வருவோம். குடும்பம் இருக்கும்போது மையம் எதற்கு என்ற கேள்வி இங்கே அடிக்கடி எழுகிறது. எந்தக் குடும்பத்தைச் சொல்கிறோம்? பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் கணவன் மனைவி இருவரும் தறி ஓட்டுகிறார்கள். பலர் வாங்கிய முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு ஷிப்ட் தவறாமல் போக வேண்டியவர்கள். சேலத்தின் கொலுசுப் பட்டறைகளிலும் ஜவ்வரிசி ஆலைகளிலும் கூலி நாளைக்கோ எடைக்கோ கணக்கு. போகாத நாளுக்குக் கூலி கிடையாது. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் கணவனும் மனைவியுமாகச் சேர்த்து வேலைக்கு எடுத்து, பண்ணையிலேயே குடிவைக்கும் வழக்கம் உண்டு. நாமக்கல்லின் லாரி ஓட்டுநர் வாரக்கணக்கில் வீட்டில் இருப்பதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போனவர் மத்தியப் பிரதேசத்திலோ ராஜஸ்தானிலோ மாதக்கணக்கில் ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டிருக்கிறார். கூட்டுக்குடும்பம் என்று நாம் சொல்லும்போது நடைமுறையில் குறிப்பது ஒரு பெண்ணைத்தான்: தாய், அல்லது மணம் தள்ளிப்போன அக்கா, அல்லது படிப்பை நிறுத்திய தங்கை. அந்தப் பெண்ணும் வேலைக்குப் போக நேர்ந்தால், கதவு வெளியிலிருந்து பூட்டப்படுகிறது. இதைக் கொடுமை என்று பேசிவிடுவது எளிது; தறி ஓடினால்தான் அடுப்பெரியும் வீட்டில் அது கணக்குப் பார்த்துச் செய்யப்படும் முடிவு. பகல்நேர மையம் அந்தக் கணக்கை மாற்றுகிறது. ஆறு மணி நேரம் என்பது ஒரு ஷிப்டில் கணிசமான பகுதி.

அப்படியானால் பணமாகவே கொடுத்துவிடலாமே என்பார்கள் பொருளியலார். தமிழக அரசு அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. இது தேவை, உயரவும் வேண்டும். ஆனால் இந்தப் பணத்தைக் கொண்டு ஆறு மணி நேரப் பராமரிப்பைத் தனியாக விலைக்கு வாங்க முடியாது. வாங்க நினைத்தாலும் ஓமலூரிலோ சேந்தமங்கலத்திலோ விற்பார் யார்? சேவை இல்லாத இடத்தில் பணம், வீட்டுக்குள்ளேயே இருப்பதற்கான ஈடாக முடிந்துவிடுகிறது.

மையத்தில் அப்படி என்ன நடக்கிறது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதானே என்ற ஏளனமும் உண்டு. முப்பது வயதுக்காரரைப் பிள்ளை என்று அழைக்கும் பழக்கத்தை முதலில் விடுவோம். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத ஒருவருக்குப் பல்வலியோ காதில் சீழோ இருப்பதை, அவரை நாள்தோறும் பார்க்கும் வெளியாள் ஒருவர் விரைவில் கண்டுகொள்கிறார். வலிப்பு மாத்திரை தவறியது தெரிகிறது. டவுன் நோய்க்குறியோடு சேர்ந்து வரும் தைராய்டு குறை, உடல் மந்தமாகும்போதே சந்தேகத்துக்கு வருகிறது. பகலெல்லாம் விழித்து இயங்கியவர் இரவில் தூங்குகிறார், வீடும் தூங்குகிறது. இவற்றில் எதற்கும் சான்றிதழ் கிடையாது.

சான்றுகளைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டிய அவை இது. 2014இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த கோப்சி ஆய்வு, காஞ்சிபுரம், கோவா, சதாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோய் உள்ள 282 பேரிடம் நடத்தப்பட்டது. மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களின் துணையும் கிடைத்தவர்களிடம் நோய்க்குறிகளும் இயலாமையும் கூடுதலாகக் குறைந்தன. வேறுபாடு மிதமானதுதான். ஆனால் மூன்று இடங்களில், வசதிகள் மிகக் குறைந்த தமிழ்நாட்டு ஊரகப் பகுதியில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. அந்த ஆய்வு பகல்நேர மையத்தை ஆராயவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அது காட்டுவது வேறொன்று: மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர் மனிதர் ஒருவர் தொடர்ந்து வந்து போவதே அளக்கத்தக்க மாற்றத்தைத் தருகிறது. வீடு வீடாகப் போகும் அந்தத் துணையை ஓர் இடத்தில் நாள்தோறும் கிடைக்கச் செய்வதைத்தான் நான் கேட்கிறேன். பலன் அதே அளவில் கிடைக்குமா என்று சோதித்துப் பார்க்கும் கடமை பெரியார் பல்கலைக்கழகம் போன்ற இங்குள்ள ஆய்வு நிறுவனங்களுக்கு இருக்கிறது.

எனக்கு மிகவும் கனமாகப் படும் மறுப்பு மாற்றுத்திறனாளிகள் இயக்கத்திலிருந்தே வருவது. 2007இல் இந்தியா ஏற்புறுதி அளித்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 19ஆம் உறுப்பு, சமூகத்தோடு கலந்து வாழும் உரிமையைப் பேசுகிறது. ஒரே வகையினரை ஒரு கட்டடத்தில் கூட்டி வைப்பது கலந்து வாழ்தலாகுமா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் ஊனமுற்றோருக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்க இடமளித்தது. பாதுகாப்பான பட்டறை என்ற பெயரில் தலைமுறைகள் அங்கே சில்லறைக் காசுக்கு உழைத்தன. வெர்மான்ட் மாநிலம் 2000களின் தொடக்கத்தில் அத்தகைய பட்டறைகளை மூடியது. ஆனால் வெளி வேலையில் துணை நிற்கும் ஆட்களை ஏற்பாடு செய்துகொண்டுதான் மூடியது. இங்கிலாந்திலோ 2001க்குப் பின் பெரிய மையங்களை மாற்றியமைக்கும் கொள்கை பிறந்தது. 2010க்குப் பிந்தைய நிதிவெட்டில் பல ஊர்களில் மையம் மூடியதோடு சரி, மாற்று வரவில்லை. கலந்து வாழ்தல் என்ற பெயரில் மக்கள் வீட்டுக்குள் போனார்கள். நம் நிலை இரண்டுக்கும் முந்தையது. இங்கே மையத்துக்கு எதிர்த்தட்டில் இருப்பது திறந்த சமூகம் என்றால் நானும் மையத்தை எதிர்ப்பேன். இருப்பது பூட்டிய கதவு. தர்காவுக்குப் பேர்போன ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் சங்கிலியில் பிணைக்கப்பட்ட மனநோயாளிகள் 28 பேர் கொட்டகைத் தீயில் மாண்டார்கள். அவர்களில் பலரைக் குடும்பங்களே அங்கே கொண்டு விட்டிருந்தன. இல்லத்துக்கும் தர்காவுக்கும் அனுப்பும் முடிவு ஒரே நாளில் எடுக்கப்படுவதில்லை. பகல்களைச் சமாளிக்க முடியாத ஆண்டுகள் அதற்கு முன்னே நிற்கின்றன.

அமெரிக்க எச்சரிக்கையை நாம் ஏற்க வேண்டிய இடம் கூலி. தமிழ்நாடெங்கும் மையங்களில் மெழுகுவத்தியும் காகித உறையும் மிதியடியும் ஏன் செய்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததில்லை. தறிக்குத் தார் சுற்றுவதும் முட்டை அட்டை அடுக்குவதும் இந்த வட்டாரத்தில் நாள்தோறும் காத்திருக்கும் வேலைகள். அவற்றை மையத்துக்குள் கொண்டுவரலாம். கூலியைச் சந்தை விலையில், அவரவர் கணக்கில் செலுத்த வேண்டும். பயிற்சி என்று பெயரிட்டு இலவச உழைப்பு வாங்கும் மையத்தை மூடுவதில் எனக்குத் தயக்கமில்லை. வேலை செய்ய விருப்பமில்லாதவருக்கும் இயலாதவருக்கும் அதே இருக்கை, அதே உணவு.

“எங்களுக்கப்புறம் இவனை யாரு பார்த்துக்குவாங்க” என்பது பெற்றோர் கூட்டம் எதிலும் ஒலிக்கும் கேள்வி. தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கலாம். காகிதத்தில் பெயர் எழுத அது போதும். பராமரிக்கப்படுபவர் எதைச் சாப்பிடுவார், எந்தச் சத்தத்துக்கு அஞ்சுவார் என்பதைத் தாயைத் தவிர வேறு சிலரும் அறிந்திருந்தால்தான் அந்தக் காப்பாளரால் எதுவும் செய்ய முடியும். பல ஆண்டு மையத்துக்கு வந்தவரை ஊரில் பத்துப் பேருக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாக, வண்டி. நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணமில்லை என்பது உண்மை. ஆனால் உடன் வருபவர் அதே தாய். போக வர அவர் நாளே போய்விடுகிறது. மல்லசமுத்திரத்திலிருந்து சேலத்துக்கு அழைத்து வரும் மையத்தைவிட, மல்லசமுத்திரத்திலேயே பயனில்லாமல் கிடக்கும் ஓர் அரசுக் கட்டடத்தில் 15 பேருக்கு நடக்கும் மையம் எனக்கு மேலானது. அதற்குக் கட்டடமும் சமையலும் ஊராட்சி ஒன்றியமே தர முடியும். ஆளும் வண்டியும்தான் செலவு. தனித்துவ அடையாள அட்டைப் பதிவுகள் மாவட்ட அலுவலகத்தில் இருக்கின்றன. 18 வயதைக் கடந்தவர்களை ஒன்றியவாரியாகப் பிரித்து, அவர்களில் எத்தனை பேர் கிழமை நாளில் வீட்டைவிட்டு வெளியே வருகிறார்கள் என்று எண்ணும் வேலையை இந்த அவை ஏற்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். போக்குவரத்து பற்றிய முதல் அமர்வைத் தொடங்குமாறு அமர்வுத் தலைவரை அழைக்கிறேன்.